பழைய டி700-ஆ, சின்ன ஆர்எக்ஸ்100-ஆ?

அக்கா மகன் போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, கையில இருக்கிற காசுக்குப் பழைய நிக்கான் டி700 கேமரா ஒண்ணு வருது. அதே காசுக்கு சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-ம் வருது. எதை வாங்கட்டும்?"

என்னிடம் இரண்டுமே இருக்கின்றன. இரண்டையும் தோளிலும் சட்டைப் பையிலும் பல வருடங்களாகச் சுமக்கிறேன். அதனால் அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

டி700 வெளிவந்தது 2008 ஜூலையில். நிக்கானின் பெரிய டி3-இல் இருந்த அதே 1.2 கோடிப் புள்ளி (பிக்சல்) ஃபுல் ஃபிரேம் சென்சாரை, அதாவது பழைய ஃபிலிம் அளவில் வெளிச்சம் பிடிக்கும் சில்லைச், சற்றுச் சிறிய உடம்பில் வைத்துக் கொடுத்தார்கள். அப்போது அமெரிக்காவில் விலை 2,999 டாலர். கல்யாணம், பத்திரிகை, விளையாட்டு என்று தொழிலில் இருந்தவர்கள் வாங்கிய கேமரா அது. ஆர்எக்ஸ்100 மார்க் 3 வந்தது 2014-இல். விலை 800 டாலர் அளவில். 2 கோடிப் புள்ளி, ஃபுல் ஃபிரேமில் 24-70 மிமீக்கு ஈடான ஜூம் லென்ஸ், பக்கத்தில் உள்ள விசையைத் தள்ளினால் மேலே எழும்பி வரும் குட்டி வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல்). பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 290 கிராம். டி700-இன் வெறும் உடம்பு மட்டுமே 995 கிராம். அதில் நிக்கானின் 24-70 எஃப்/2.8 லென்ஸையும் மாட்டினால் இரண்டு கிலோவை நெருங்கிவிடும். இரவெல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் மறுநாள் கழுத்து திரும்பாது.

சரி, முதலில் சென்சார். டி700-இல் இருப்பது 36-க்கு 24 மிமீ. சோனியில் இருப்பதை "ஒரு இன்ச் சென்சார்" என்பார்கள். அதை நம்பி அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டாம். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் அளவிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. நிஜ அளவு 13.2-க்கு 8.8 மிமீ, கிட்டத்தட்ட சுண்டுவிரல் நகம். பரப்பளவில் நிக்கானுடையது ஏழு மடங்குக்கும் மேல் பெரியது. ஒரே மழையில் ஒரு அண்டாவையும் ஒரு சொம்பையும் வைத்த மாதிரி, நிக்கான் பிடிக்கும் வெளிச்சம் சோனியில் வராது.

இவ்வளவு சொன்ன பிறகு நல்ல வெயிலில் எடுத்த படத்தைக் காட்டினால் ஆச்சரியப்படுவீர்கள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் ஒரு காலை நேரம், மணற்கல் யாளி ஒன்றின் முன்னால் நின்று இரண்டிலும் எடுத்தேன். ஆல்பத் தாளில் பாதி, அதாவது 18-க்கு 12 அங்குலம், பிரிண்ட் போட்டேன். டி700 படம் அந்த அளவுக்கு ஓர் அங்குலத்துக்கு 236 புள்ளிதான் தரும். சோனி 304 தரும். கையில் எடுத்துப் பார்த்தவர்கள் யாரும் எது எதிலிருந்து வந்தது என்று சரியாகச் சொல்லவில்லை. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் கல்லின் சொரசொரப்பு சோனியில்தான் கூடுதலாகத் தெரிகிறது. நிழல் பகுதியை ரா கோப்பிலிருந்து (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) வெளிச்சமாக ஏற்றினாலும் சின்னது சளைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் படத் தரத்துக்காக மட்டும் டி700 வாங்குவது வீண் என்பது என் தீர்மானமான கருத்து.

ராத்திரி என்றால் கதையே வேறு. செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். கூத்து நடக்கும் களரிக்கு மேலே நாலைந்து டியூப் லைட், ஓரத்தில் ஒரு ஃபோகஸ் விளக்கு, அவ்வளவுதான். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் துரியோதனன் சலங்கை அதிர நிற்பான். கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே தெரியும். திரை விலகியதும் ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் வருவான். அந்த ஒரு நொடிக்காகத்தான் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

டி700-இல் பழைய 50 மிமீ எஃப்/1.8டி லென்ஸ். எஃப்/2 (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 3200 (வெளிச்சத்தை உணரும் அளவு), ஷட்டர் 1/250 நொடி. பொத்தானைப் பாதி அழுத்தினால் உடம்புக்குள் இருக்கும் மோட்டார் 'டர்ர்' என்று லென்ஸைச் சுழற்றி முகத்தில் பிடித்துக்கொள்ளும். டி3-இல் இருக்கும் அதே 51 புள்ளி ஃபோகஸ்தான் இதிலும். அந்த இருட்டில் எல்லாப் புள்ளியையும் நம்ப மாட்டேன். நடுவில் இருக்கும் 15 குறுக்குப் புள்ளிகளோடு (கிடைக்கோடு, நிலைக்கோடு இரண்டையும் பார்ப்பவை) நிறுத்திக்கொள்வேன். பத்துக்கு ஏழு எட்டுப் படம் கூர்மையாக வரும். அரிதாரத்தின் சிவப்பு சிவப்பாகவே இருக்கும், கண்ணுக்குக் கீழே வழியும் வியர்வை கோடாகத் தெரியும். மணல் தூவிய மாதிரி கிரெயின்ஸ் கொஞ்சம் உண்டு. பிரிண்டில் அது அழகாகவே இருக்கிறது.

அதே இடத்தில் சோனி. 50 மிமீ அளவுக்கு ஜூம் செய்ததும் அதன் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/2.8-க்குச் சுருங்கிவிடும். அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 6400 வைத்தாக வேண்டும். சிவப்பு செங்கல் நிறமாகிவிடும், தோளில் கட்டிய புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டுகள் குழம்பிப்போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஃபோகஸ். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே வெளிச்ச-நிழல் மாறுபாடு கூடுகிறது என்று தேடித்தான் இது ஃபோகஸ் பிடிக்கிறது. வெளிச்சம் குறைந்தால் தேடிக்கொண்டே இருக்கும். அது தேடி முடிப்பதற்குள் துரியோதனன் சுற்றி முடித்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுவான். இன்னொன்று, எஃப்/2.8 என்றாலும் பின்னணி மங்குவதில் இது ஃபுல் ஃபிரேமின் எஃப்/7.6 மாதிரி. பின்னால் இருக்கும் மைக் கம்பி, ஹார்மோனியக்காரரின் தண்ணீர் பாட்டில் எல்லாம் படத்துக்குள் வந்து உட்காரும்.

உசுப்பும் வேகமும் கணக்கில் வரும். டி700 சுவிட்சைத் திருப்பினால் 0.12 நொடியில் தயார். தோளில் தொங்கும்போதே ஆன் செய்து வைத்திருக்கலாம், பேட்டரி குறையாது. ஒரு சார்ஜுக்கு ஆயிரம் படம் என்று நிக்கான் சொல்கிறது, என் அனுபவத்தில் அதற்கும் மேலேயே வருகிறது. சோனிக்கு 320 படம்தான். லென்ஸ் வெளியே நீண்டு, வியூஃபைண்டரை எழுப்பி, அதன் கண்ணாடியை நம் பக்கம் இழுத்து, அப்புறம்தான் படம்.

இதுவரை படித்தால் நிக்கான் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று தோன்றும். ஆனால் எங்கள் ஆயாவை (பாட்டி) பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. டி700-ஐத் தூக்கினால் போதும், முந்தானையை இழுத்துவிட்டு, கையைத் தொடை மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி தூக்கி விழும் அந்த 'தடக்' சத்தம் கேட்டால் தோள் இன்னும் இறுகும். ஆறேழு வருடம் நான் எடுத்த எல்லாப் படத்திலும் ஆயா அப்படியே இருக்கிறது. சோனி வந்த பிறகு ஒரு மத்தியானம் திண்ணையில் எதிரே உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்து, திரையை மேலே திருப்பிக்கொண்டு எடுத்தேன். சத்தத்தை அணைத்துவிட்டால் இதன் ஷட்டர் பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழாது. ஆயா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, செத்துப்போன தன் தங்கச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை கை நின்றது. காம்பு விரலில் இருக்க, பார்வை தெருவில். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. டி700-இல் எடுத்த எந்தப் படத்தையும் அதற்கு ஈடாக வைக்க மாட்டேன்.

சாவு வீடு, கச்சேரி, கோயில் பிராகாரம், பஸ் பயணம் எல்லாம் இதே கணக்குத்தான். பெரிய கேமராவைப் பார்த்தால் "எந்தப் பத்திரிகை, எந்தச் சேனல்?" என்று கேட்பார்கள். சின்னதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீடியோ வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், டி700-இல் வீடியோ கிடையாது. அது வந்த அடுத்த மாதம்தான் நிக்கானே டி90 மூலம் வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமரா) அறிவித்தது. வெளியே ஃபிளாஷ் மாட்ட வேண்டுமென்றால் நேர்மாறு: சோனியின் இந்த மாடலில் ஹாட் ஷூ (ஃபிளாஷ் மாட்டும் இடம்) இல்லை. உள்ளேயே இருக்கும் குட்டி ஃபிளாஷ் மட்டும்தான்.

பழையதாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டி700-இல் சிஎஃப் கார்டு (படம் பதியும் மெமரி கார்டு) போடும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஊசிகள் வரிசையாக இருக்கும், ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம். எனக்கு முதலில் வந்தது அப்படிப்பட்டதுதான். விற்றவர் கார்டைப் போட்டுக் காட்டாமலே பெட்டியைக் கட்டிக் கொடுத்தார், நானும் கேட்காமல் வாங்கி வந்தேன். கைப்பிடி ரப்பர் உப்பிப் பிரிந்திருக்கலாம், அது பெரிய விஷயமில்லை, ஒட்டிக்கொள்ளலாம். ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. எத்தனை ஓடியிருக்கிறது என்பது படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும், ஒரு படம் எடுத்து வாங்கிப் பாருங்கள். சோனியில் பார்க்க வேண்டியது தூசி. படுகளத்தன்று, அதாவது துரியோதனன் வீழும் நாளன்று, மண்ணில் செய்த துரியோதனனைச் சுற்றிக் கூட்டம் ஓடும்போது கிளம்பும் புழுதியில் நான் அதை வெளியே எடுத்திருக்கக் கூடாது. லென்ஸ் நீண்டு மடங்கும் ஒவ்வொரு தடவையும் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கிறது. டி700 என்றால் லென்ஸைக் கழற்றி ஊதிவிடலாம். இதைக் கழற்ற மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். வானத்தை எஃப்/11-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்புப் பொட்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

மருமகனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "உன் போன்ல கடைசியா எடுத்த நூறு படத்தை அனுப்புடா." அனுப்பினான். அவன் அம்மா தோசை ஊற்றுவது, பஸ் ஜன்னல், டீக்கடை, நண்பன் தூங்குவது, மழை பெய்த தெரு. எல்லாம் பக்கத்தில் இருக்கும் ஆட்கள், பெரும்பாலும் பகல். ராத்திரிப் படம் ஏழுதான். "சோனியை வாங்குடா" என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது தெரிந்தது, வீடியோ காலில்தான் பேசினோம். அவனுக்குக் கழுத்தில் பெரிய கேமரா தொங்க வேண்டும் என்று ஆசை. எனக்கும் அந்த வயதில் இருந்தது.

சித்திரையில் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பதினெட்டாம் போர் கூத்தன்று டி700 அவன் கையில் இருக்கும், அவனுடைய சோனியை நான் வாங்கிக்கொண்டு ஆயா பக்கத்தில் பாயில் உட்காரப் போகிறேன்.