கம்போவா, பார்பிக்யூவா, போபாயா? நியூ ஆர்லியன்ஸின் இலையுதிர்கால விழாக்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் என்றதும் பெரும்பாலோருக்கு மார்டி கிரா ஊர்வலமும், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஜாஸ் விழாவுமே நினைவுக்கு வருகின்றன. இரண்டும் பெரிய விழாக்கள்தாம்; ஆனால் அந்த நாள்களில் விடுதி வாடகை எகிறிவிடும், கூட்டமும் நெரிக்கும். அந்த நகரத்தை நிதானமாகப் பார்க்கவும் கேட்கவும் சுவைக்கவும் விரும்புகிறவர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னையின் மே மாதத்தை ஒத்த வியர்வைக் கோடை முடிந்து, ஆண்டிலேயே மழை குறைந்த பருவம் அப்போதுதான் வருகிறது. நவம்பர் மாதத்துப் பகல் வெப்பம் 22 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்பதால் மதியம் முழுவதும் திறந்தவெளியில் நின்று இசை கேட்கலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு மாதங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு வார இறுதியிலும் அங்கே ஏதாவது ஒரு விழா நடக்கிறது. வெளியூரிலிருந்து செல்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வார இறுதி. அக்டோபரில் நடக்கும் கிரசெண்ட் சிட்டி ப்ளூஸ் அண்ட் பார்பிக்யூ விழா, நவம்பரில் கம்போ என்ற கெட்டிக் குழம்பை மையமாக வைத்து நடக்கும் ட்ரெமே கிரியோல் கம்போ விழா, அதே நவம்பரில் போபாய் என்ற சாண்ட்விச்சுக்காக வரும் ஓக் தெரு போபாய் விழா ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை யார் தேர்ந்தெடுக்கலாம் என்று இங்கே பார்க்கிறேன். சாப்பாடு எப்படி, இசை எப்படி என்று கேட்பதோடு, அந்தச் சாப்பாடும் இசையும் விழா நடக்கும் மண்ணுக்கே உரியவையா என்றும் கேட்டே இவற்றை நான் மதிப்பிடுகிறேன்.

முதல் இரண்டு விழாக்களையும் நடத்துவது ஒரே அமைப்பு. 1970இல் தொடங்கிய ஜாஸ் விழாவின் உரிமையாளரான ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் அறக்கட்டளை, வசந்தகாலத்தில் நுழைவுச்சீட்டு விற்று ஈட்டும் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு ஆண்டின் மற்ற மாதங்களில் இலவச விழாக்களை நடத்துகிறது. நுழைவுக்குப் பணம் இல்லை. உண்பதற்கும் குடிப்பதற்கும் மட்டுமே செலவு. ஏப்ரலில் வெளியூர்க்காரர் கொடுத்த கட்டணம் நவம்பரில் உள்ளூர்ப் பாட்டியும் பேரனும் காசு கொடுக்காமல் இசை கேட்க வழி செய்கிறது என்பதால், இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

ப்ளூஸ் அண்ட் பார்பிக்யூ விழா, கத்ரீனா புயல் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கை வெள்ளத்தில் மூழ்கடித்த மறு ஆண்டான 2006இல் தொடங்கியது. லாஃபயெட் சதுக்கத்தில், ஒருகாலத்தில் நகர மன்றக் கட்டடமாக இருந்த கேலியர் மண்டபத்தின் வெள்ளைத் தூண்களுக்கு எதிரே மேடை எழும்புகிறது. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள். வார இறுதியில் அவை அடங்கிக் கிடப்பதால் இசைக்கு இடைஞ்சல் இல்லை. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை நீளும் இந்த விழாவுக்கு மிசிசிப்பி, டென்னசி, டெக்சஸ் பக்கங்களிலிருந்து ப்ளூஸ் கலைஞர்கள் வருகிறார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் மெக்கோம் ஊரில் 1940இல் பிறந்து, பிறகு நியூ ஆர்லியன்ஸையே தம் ஊராக்கிக்கொண்ட லிட்டில் ஃப்ரெடி கிங் போன்ற மூத்த கிதார்க் கலைஞர்களை, நுழைவுச்சீட்டு இல்லாமல், பத்தடி தொலைவில் நின்று கேட்கும் வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் அமையாது. இசை ஒன்றையே அளவாகக் கொண்டால் மூன்றில் இதற்கே முதலிடம்.

உணவு என்று வரும்போது என் மதிப்பீடு சற்று இறங்குகிறது. புகையில் மணிக்கணக்கில் இறைச்சியை வேகவைக்கும் பார்பிக்யூவின் தாயகங்கள் டெக்சஸ், மெம்ஃபிஸ், கரோலினா மாநிலங்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு அது விருந்தாளி. அந்த நகரத்து உணவகங்களில் பார்பிக்யூ இறால் என்று ஓர் உணவு கிடைக்கும். அதில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஓட்டோடு உள்ள இறாலை வெண்ணெயும் மிளகும் நிறையச் சேர்த்துக் குழம்பாக்கித் தருவார்கள், அதைத் தொட்டுக்கொள்ள ரொட்டி வரும். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழக்கப்படி சமைக்கும் ஊர் அது. ஆகவே இந்த விழாவில் விலா எலும்பு இறைச்சியைத் தேடுவதைக் காட்டிலும், இளம் பன்றியை முழுதாக மெதுவே சுட்டுப் பிய்த்து ரொட்டியில் வைத்துத் தரும் கோஷோன் தெ லே என்ற லூசியானா வழக்கத்தைத் தேடிச் சுவைப்பது நல்லது. சைவ உணவுக்காரர்களுக்கு இங்கே வயிறு நிறைவது கடினம்.

ஓக் தெரு விழாவின் நிலை இதற்கு நேர் எதிரானது. 1929 ஜூலையில் நகரத்து டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்பு டிராம் நடத்துநர்களாக வேலை பார்த்துவிட்டு உணவுக்கடை வைத்திருந்த பென்னி மார்ட்டின், க்ளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட முன்வந்தார்கள். ஏழைப் பையன் என்று பொருள்படும் போபாய் என்ற பெயர், அவர்கள் கொடுத்த அந்த ரொட்டி உணவுக்கு அதனால் வந்தது என்பதே ஊரில் வழங்கும் வரலாறு. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, 1835 முதல் ஓடிக்கொண்டிருக்கும் செயின்ட் சார்ல்ஸ் டிராம் தடத்தில் ஏறி, மர இருக்கையில் அமர்ந்து, திறந்த சன்னல் வழியே ஓக் மரங்களின் நிழல் கடந்து போவதைப் பார்த்தபடி, தடத்தின் கோடிக்கு அருகே கேரல்டன் பகுதியில் இறங்கி விழாவுக்குள் நுழைவதற்கு ஈடான வருகை வேறு எந்த விழாவிலும் இல்லை. டிராம் தொழிலாளிக்காகப் பிறந்த உணவைச் சாப்பிட டிராமிலேயே போகலாம்.

2007இல் தொடங்கியபோது இதன் பெயரே போபாய் பாதுகாப்பு விழா என்றுதான் இருந்தது. சங்கிலித்தொடர் உணவகங்களின் முன்னால் ஊரின் சொந்த சாண்ட்விச் அழிந்துவிடக் கூடாது என்ற கவலை அந்தப் பெயரிலேயே தெரிகிறது. போபாயின் உயிர் அதன் ரொட்டியில் இருக்கிறது: மேலோடு மெல்லியதாக, கடித்தால் நொறுங்கிச் சட்டையில் உதிர்வதாக, உள்ளே பஞ்சுபோல, குழம்பை உறிஞ்சிக்கொள்வதாக. பொரித்த இறாலோ சிப்பியோ உள்ளே வைத்து, லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் எல்லாம் சேர்த்துத் தருவதை அங்கே ‘உடுத்தியது’ என்று சொல்கிறார்கள். விழாவில் ஒரே தெருவில் பல கடைகள் போட்டியிட்டுத் தங்கள் வகைகளை விற்பதால், நான்கைந்து பேராகச் சென்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று வாங்கிப் பங்கிட்டு உண்பதே சரியான முறை. தனியே செல்பவர் இரண்டாவது ரொட்டியிலேயே திணறிவிடுவார்.

குறை என்று பார்த்தால் இட நெருக்கடியைச் சொல்ல வேண்டும். குறுகலான தெரு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு மேல் வரிசை எது, கூட்டம் எது என்று பிரித்தறிய முடியாது. மேடைகளும் இசையும் உண்டு என்றாலும், கையில் ரொட்டியோடு நகர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்கு அந்த இசை பின்னணியாகவே நின்றுவிடுகிறது. இசைக்காக அந்தத் தெருவுக்கு வருபவர்கள் வேறொரு நாள் இரவில், 1970களிலிருந்து அங்கே இயங்கிவரும் மேப்பிள் லீஃப் மதுக்கூடத்துக்கு வருவதே பயன் தரும்.

இனி ட்ரெமே கம்போ விழா. எனக்கு ஒரே ஒரு வார இறுதி கிடைத்தால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

விழா நடக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் காங்கோ சதுக்கம் இருக்கிறது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தங்கள் முரசுகளை அடித்து, ஆடி, கைவேலைப் பொருள்களையும் தின்பண்டங்களையும் விற்றுக்கொண்ட இடம் அது. 1817இல் நகர மன்றம் அப்படிப்பட்ட கூட்டங்கள் ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே நடக்கலாம் என்று கட்டுப்படுத்தியபோது, அந்த ஒதுக்கீடு இந்தத் திடலுக்கு வந்தது. அங்கே ஒலித்த தாளங்களின் தொடர்ச்சியை பிராஸ் பேண்ட் எனப்படும் இன்றைய நியூ ஆர்லியன்ஸ் பித்தளைக் கருவி இசைக்குழுக்களின் முரசடியில் கேட்கலாம் என்று இசை வரலாற்றாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1983இல் ட்ரெமே பகுதி இளைஞர்கள் தொடங்கிய ரீபர்த் பிராஸ் பேண்ட் போன்ற குழுக்கள் வளர்ந்தது இந்தத் தெருக்களில்தான். விழாவின் மேடையில் பிராஸ் பேண்டுகளுக்கே முதன்மை. ட்ராம்போனும் சூசஃபோனும் முழங்கத் தொடங்கியதும் கைக்குட்டையை வீசிக்கொண்டு முதியவர்கள் எழுந்து ஆடுவார்கள். பார்வையாளர் என்று தனியாக ஒருவர் அங்கே நீண்ட நேரம் இருக்க முடியாது.

இந்த மண்ணின் வரலாற்றில் வேதனையான ஒரு பகுதியும் உண்டு, அதை அறியாமல் அங்கே நிற்பது சரியல்ல. அமெரிக்காவின் மிகப் பழைய கருப்பினக் குடியிருப்புகளுள் ஒன்றான ட்ரெமேயின் பல தெருக்களில் இருந்த வீடுகளை, கலையரங்க வளாகம் அமைப்பதற்காக 1960களை ஒட்டிய ஆண்டுகளில் இடித்துத் தள்ளினார்கள். பக்கத்தில் கிளேபர்ன் அவென்யூவின் ஓக் மரங்களை 1966இல் வெட்டி, அதன் மேல் நெடுஞ்சாலைப் பாலத்தைக் கட்டினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டு வெறுமையாகிப்போன நிலத்தில்தான் 1980இல் இந்தப் பூங்கா திறக்கப்பட்டது. வீடுகள் போன இடத்தில், அந்த வீடுகளின் சமையலும் இசையும் ஆண்டுக்கொரு முறை திரும்பி வருகின்றன.

கம்போ என்பது சோற்றின் மேல் ஊற்றித் தரப்படும் ஒரு கெட்டிக் குழம்பு. அந்தப் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். மாவையும் கொழுப்பையும் ஏறக்குறையச் சம அளவில் சேர்த்து, அல்வா கிண்டுவதுபோலக் கைவிடாமல் கிளறி, கருஞ்சிவப்பு கடந்து சாக்லேட் நிறம் வரும்வரை வறுப்பதை ரூ என்கிறார்கள். கண நேரம் கவனம் சிதறினால் அடிபிடித்துவிடும். பிடித்தால் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்தச் சூட்டிலேயே வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் போட்டு வதக்குகிறார்கள். கெட்டிப்படுத்தும் முறையில் ஊரே பிரிந்து நிற்கிறது: ரூ ஒன்றே போதும் என்பவர்கள், வெண்டைக்காய் இல்லாமல் கம்போவா என்று கேட்பவர்கள், சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்த, சாசஃப்ராஸ் இலையை உலர்த்தி அரைத்த ஃபீலே பொடியைக் கடைசியில் தூவுபவர்கள். விழாவில் இந்த வகைகளைச் சிறு கிண்ணங்களில் அடுத்தடுத்து வாங்கிச் சுவைத்து ஒப்பிட முடிகிறது. ப்ரெஞ்சுக்காரரின் ரூ, ஆப்பிரிக்கரின் வெண்டைக்காய், பழங்குடியினரின் இலைப்பொடி ஆகிய மூன்றையும் நாவிலேயே பிரித்தறிவது, எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத வரலாற்றுப் பாடம். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பின் வழவழப்புக்குப் பழகிய தமிழ் நாவுக்கு இந்தக் குழம்பு அந்நியமாகவே தோன்றாது. கடலுணவு, கோழி, கொத்திறைச்சிப் பண்டங்கள் சேர்ந்த வகைகளே மிகுதி என்றாலும், இறைச்சி சேராத கம்போவும் கிடைப்பதுண்டு என்பதால் மூன்று விழாக்களில் சைவர்களுக்கு ஓரளவு இடம் தருவது இதுதான்.

பூங்காவிலிருந்து சிறிது தொலைவில், ஆர்லியன்ஸ் அவென்யூவில், 1941இல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகம் இருக்கிறது. கருப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து உண்பதைச் சட்டம் தடுத்த காலத்தில், உரிமைப் போராளிகள் இரு இனத்தவரும் அங்கேயே கூடிப் பேசினார்கள். அந்தப் போராளிகளுக்குக் கம்போ பரிமாறியவர், 2019இல் மறைந்த அந்த உணவகத்துச் சமையற்கலைஞர் லியா சேஸ் அம்மையார். விழாவுக்கு முந்திய நாள் அங்கே ஒரு வேளை உண்பதற்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

ஓவியத்திலும் சிற்பத்திலும் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இந்த மூன்றுமே முழு நிறைவைத் தரமாட்டா. அவர்கள் அக்டோபர் தொடக்கத்துச் சனிக்கிழமை மாலையில் நடக்கும் ஆர்ட் ஃபார் ஆர்ட்ஸ் சேக் இரவைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூலியா தெருவிலும் மேகசின் தெருவிலும் உள்ள ஓவியக்கூடங்கள் கதவுகளைத் திறந்து வைக்க, கூட்டம் ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்கு நடந்தபடியே இருக்கும். உணவுக்காக அங்கே போக வேண்டாம். பழைய பயணப் பட்டியல்களில் இடம்பெறும் வூடூ இசை விழா 2019க்குப் பிறகு நடக்கவில்லை. அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

நாள் குறிப்பதில் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். புயல் பருவம் அதிகாரபூர்வமாக நவம்பர் 30 வரை நீடித்தாலும், ஆபத்தின் உச்சம் செப்டம்பர் மாதம். அக்டோபர் விழாவுக்குப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் வகையையே எடுக்க வேண்டும். நவம்பரில் அந்தக் கவலை பெருமளவு குறைந்துவிடுகிறது. நவம்பருக்கு இன்னொரு சாதகமும் உண்டு. அந்தப் பருவத்து ஞாயிறு மதியங்களில் உள்ளூர்ச் சமூக உதவிச் சங்கங்கள் பிராஸ் பேண்டோடு நடத்தும் செகண்ட் லைன் ஊர்வலங்கள் தெருக்களில் செல்லும், யாரும் பின்னால் சேர்ந்து ஆடிக்கொண்டு போகலாம். நம்மூரில் சௌசௌ எனப்படும் காய் அங்கே மிர்லிடன் என்ற பெயரில் கொடிகளில் காய்த்துத் தொங்குவதும், இறால் திணித்து நன்றியறிதல் நாள் விருந்துக்கு வேகவைக்கப்படுவதும் அதே மாதத்தில்தான். கம்போ விழாவுக்குப் போகிறவர்கள் காலையில் பசியோடு சென்று, வரிசைகள் நீளுமுன் வெண்டைக்காய்க் கம்போவை முதலில் வாங்கிக்கொண்டு, மேடைக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நிழல் உள்ள இடமாகப் பார்த்து நின்றுகொள்வது நல்லது.