தெர்மல் பேஸ்டுக்குப் பதில் வீட்டுப் பொருள்: முதல் நாளும் மூன்றாம் மாதமும்

ப்ராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையில், சூட்டைக் கடத்தத் தடவுவது தெர்மல் பேஸ்ட். அதற்குப் பதில் பற்பசையைத் தடவினாலும் கம்ப்யூட்டர் ஓடும். முதல் நாள் நன்றாகவே ஓடும். யூடியூபில் இதைச் செய்து காட்டுகிறவர்கள் பொய் சொல்வதில்லை, அரை மணி நேரத்தில் கேமராவை நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு மாதம், மூன்று மாதம் கழித்துக் கூலரைக் கழற்றிப் பார்க்கும்போதுதான் சங்கதி தெரியும்.

ப்ராசஸரின் உலோக மூடியும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இடையில் மாட்டிக்கொள்ளும் காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு வெறும் 0.026 வாட். தண்ணீருக்கு 0.6. செம்புக்கு 400. அந்தக் காற்றின் இடத்தை நிரப்பும் தெர்மல் பேஸ்ட் ஓரளவு நல்லதென்றால் 5 என்று வைத்துக்கொள்ளலாம் (டப்பாவில் 8, 12 என்றெல்லாம் போட்டிருப்பார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம்). 65 வாட் வெப்பம் 4 சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியாக 50 மைக்ரான் தடிமனுள்ள படலத்தைத் தாண்ட வேண்டும் என்றால், அந்தப் பேஸ்டில் ஏறும் வெப்பநிலை 1.6 டிகிரி செல்சியஸ். கடத்துதிறன் 1 உள்ள மலிவான வெள்ளைப் பேஸ்டில் 8 டிகிரி. வெறும் தண்ணீரே இருந்தாலும் 13, 14 டிகிரிதான். ஈரமாக எதை வைத்தாலும் முதல் நாள் சமாளித்துவிடுவது இதனால்தான். விலை உயர்ந்த பேஸ்டுக்கும் நடுத்தரப் பேஸ்டுக்கும் இடையில் பலருக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கிடைக்காததற்கும் இதே கணக்குதான் காரணம்.

பற்பசையில் இருப்பது தண்ணீர், கிளிசரின் அல்லது சார்பிட்டால், சுண்ணாம்பு அல்லது சிலிக்கா தூள், கொஞ்சம் சோப்பு. ப்ராசஸர் மூடி தினமும் 60, 70 டிகிரிக்குப் போய் வரும்போது தண்ணீர் ஆவியாகிவிடும். மிஞ்சுவது வெடித்த களிமண் தரை மாதிரி ஒரு காய்ந்த அடை. வெடிப்புக்குள் காற்று நுழைந்துவிடும். எவ்வளவு நாளில் என்பது எந்திரம் எவ்வளவு சூடாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வீடியோ எடிட்டிங், கேம் என்றால் சில நாளிலேயே காயும். டைப்படிக்க மட்டும் என்றால் சில வாரம் தாங்கும். இன்னொரு சங்கடம், ஈரமாக இருக்கும்வரை அது மின்சாரத்தைக் கடத்தும், உப்புகள் கலந்ததல்லவா. ஓரத்தில் பிதுங்கி, ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குள் போனால் பேஸ்ட் மாற்றும் செலவு மதர்போர்டு மாற்றும் செலவாகிவிடும்.

வாசலின் காயாது, ஆனால் நிற்கவும் நிற்காது. 40 முதல் 60 டிகிரிக்குள் உருகிவிடும். கேபினட்டில் மதர்போர்டு செங்குத்தாக நிற்கிறது, ஆகவே உருகியது கீழே வழியும். கீழே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. கடத்துதிறனும் 0.2 அளவுதான். தேங்காய் எண்ணெய் இதைவிட மோசம். 24 டிகிரியில் உருகுகிற பொருளை வைத்துவிட்டு அது இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குழந்தைகளுக்குப் போடும் துத்தநாக ஆக்சைடு க்ரீமை மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கலாம். வெள்ளை தெர்மல் பேஸ்டிலும் அதே துத்தநாக ஆக்சைடுதான் இருக்கிறது. ஆனால் பேஸ்டின் ஆயுளைத் தீர்மானிப்பது தூள் அல்ல, தூளைத் தாங்கி நிற்கும் எண்ணெய். பேஸ்டில் அது சிலிகோன் எண்ணெய், 100 டிகிரியிலும் எளிதில் ஆவியாகாது. க்ரீமில் மெழுகு, பாரஃபின், பல வகைகளில் தண்ணீரும் வாசனைப் பொருளும். தண்ணீர் போகும், மெழுகு உருகும், தூள் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும். அலுமினியத் தாளை மடித்து வைக்கும் யோசனையும் உலவுகிறது. தாள் பள்ளத்தில் இறங்காது. ஒரு இடைவெளி இருந்த இடத்தில் இரண்டு இடைவெளி வரும், கிழிந்த துண்டு போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

நிஜமாகவே அவசரம் என்றால் பக்கத்துத் தெரு இன்வெர்ட்டர் அல்லது டிவி மெக்கானிக்கிடம் கேளுங்கள். டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட்டுக்குத் தடவும் வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்ட் அவரிடம் இருக்கும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சின்ன டப்பாவில் கிடைக்கும். மேலே சொன்ன 8 டிகிரிக் கணக்கு இதற்குத்தான். 65 வாட் டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மாதக் கணக்கில் போதும். லேப்டாப்புக்கு வேண்டாம். அங்கே மூடி கிடையாது, சிலிக்கான் சில்லின் மேலேயே ஹீட்சிங்க் உட்காருகிறது. பரப்பு சின்னது, சூடாகிக் குளிரும்போது இளகிய பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும். லேப்டாப்புக்குக் கெட்டியான பேஸ்ட் வாங்கி, சில்லு முழுவதும் மூடும்படி தடவ வேண்டும்.

பேஸ்டை விட்டுவிட்டால், மற்ற வேலைக்கெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

பழையதைத் துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சிறந்தது, 99 சதவீதம் கிடைத்தால் நல்லது. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிலவற்றில் விளக்கெண்ணெய் போன்றவை சேர்ந்திருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு உலரவிடுங்கள். மங்கலாகப் படலம் தெரிந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். சானிடைசர் ஜெல்லில் கிளிசரின், மண்ணெண்ணெயில் பிசுக்கு. நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். துடைக்க காபி ஃபில்டர் தாள் என்று ஆங்கிலக் குறிப்புகள் சொல்லும், நம் வீட்டு ஃபில்டர் பித்தளை அல்லது எவர்சில்வர். பலமுறை துவைத்த பழைய வேட்டித் துண்டு அல்லது மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி அந்த வேலையைச் செய்யும். டிஷ்யூ பேப்பரும் புது டவலும் நார் விடும். ஓரங்களில் இயர்பட், காய்ந்த பிசிறுக்குப் பல்குத்தும் குச்சி. இன்டெல்லின் எல்ஜிஏ சாக்கெட்டுக்குள் (தொடுகம்பிகள் போர்டின் பக்கம் இருக்கும் வகை) பேஸ்ட் விழுந்துவிட்டால் மட்டும் குச்சியும் பஞ்சும் உள்ளே போகக் கூடாது. அந்தக் கம்பிகள் முடி மாதிரி, ஒன்று வளைந்தால் போதும்.

கூலரைக் கழற்றுவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது, குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில். அங்கே ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள், மேலே இறுக்கிப் பிடிக்கச் சட்டம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்துக்கொண்டு, கூலரை நேராக இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமும் சில டிகிரி மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையில் தெரியும், அப்புறம் தூக்கலாம். எந்திரம் ஆன் ஆகாத நிலை என்றால் ஹேர் டிரையரை ஹீட்சிங்கின் பக்கவாட்டில் மூன்று நான்கு நிமிடம் பிடித்தால் போதும்.

அளவு பற்றிச் சண்டை ஓய்ந்தபாடில்லை. கணக்குப் போட்டால் எளிது. ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5 சாக்கெட்டுகளுக்கான ப்ராசஸர் 40 மில்லிமீட்டர் சதுரம். அதில் 0.05 மில்லிமீட்டர் படலம் வேண்டுமென்றால் 80 கன மில்லிமீட்டர், அதாவது ஐந்து மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய விட்டமுள்ள ஒரு உருண்டை. ஒரு முழுத் துவரை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே பொட்டாக வைத்தால் கூலரின் அழுத்தம் பரப்பிவிடும். இன்டெல் எல்ஜிஏ1700 ப்ராசஸர் நீளவாக்கில் 45 மில்லிமீட்டர் என்பதால் நடுவில் நீளவாக்கிலேயே ஒரு கோடு இழுப்பது நல்லது. தடவித்தான் ஆக வேண்டும் என்றால் காலாவதியான ஏடிஎம் கார்டை இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். வெறும் விரல் வேண்டாம், தோலின் எண்ணெயும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கடத்தாத பேஸ்டில் கொஞ்சம் அதிகமானால் ஓரத்தில் பிதுங்கும், வேறு கேடில்லை. குறைந்தால்தான் வெப்பம் ஏறும்.

மாட்டும்போது நான்கு திருகுகளையும் குறுக்கு மூலையாக மாறி மாறி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று வீதம் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கினால் பேஸ்ட் மறுபக்கம் குவிந்துவிடும். இன்டெல் கூலரின் அழுத்து ஊசிகளில் ஒன்று சரியாகப் பூட்டாமல் நிற்பது மிகச் சாதாரணம். போர்டின் பின்புறம் திருப்பி நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவதும் இன்றுவரை நடக்கிறது. ஒருமுறை உட்கார்ந்த கூலரைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பேஸ்ட் அத்தோடு முடிந்தது. அப்படியே திரும்ப வைத்தால் நடுவில் காற்று அடைபடும். துடைத்து மறுபடி வையுங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, சும்மா இருக்கும்போது காட்டும் வெப்பநிலையை நம்ப வேண்டாம். சினிபென்ச் போன்ற, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் மென்பொருள் ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள், அறை வெப்பநிலையைக் கழித்து எழுதி வையுங்கள். மே மாத அளவை டிசம்பர் அளவோடு அப்படியே ஒப்பிட்டால் பருவத்துக்குச் சேர வேண்டிய பாராட்டு பேஸ்டுக்குப் போகும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல ப்ராசஸர்கள் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மற்றபடி, வேலை கொடுத்த இரண்டு மூன்று வினாடியில் உச்சத்துக்குத் தாவினால் ஒட்டுதல் சரியில்லை, கூலரைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். பத்து நிமிடமாக மெல்ல மெல்ல ஏறினால் பேஸ்டைத் திட்டாதீர்கள், ஃபேன் தூசியைத் தட்டுங்கள்.

மிச்சப் பேஸ்டைச் சிரிஞ்சிலேயே மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நான்கு கிராம் என்பது கணக்குப்படி இருபது தடவைக்கு வரும், சிந்தியது போனது போக பத்துத் தடவை நிச்சயம். நாளாகி இறுகிவிட்டால் மூடியோடு வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் இளகும், எண்ணெய் ஊற்றிக் குழைக்கக் கூடாது. முனையில் எண்ணெய் பிரிந்து நின்றால் முதல் சொட்டைத் தாளில் பிதுக்கிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துங்கள்.