ஐந்து பேர், அரை மணி நேரம்: கை தூக்குவதா, ஒருவரிடம் விடுவதா?

எங்கள் ஐந்து பேர் குழுவில், அரை மணி நேரத்தில் எடுக்கவேண்டிய அவசர முடிவுகளை இரண்டு வருடம் கை தூக்கித்தான் எடுத்தோம். போன வருடம் அதை விட்டோம். இப்போது எல்லோரும் பேசியபின் ஒருவர் முடிவு சொல்கிறார். அனைவரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவது மூன்றாவது வழி. கெடு நெருக்காத வேலைக்கு அது சரி. அரை மணி நேரமே இருந்தால், அலுக்காமல் பேசுகிறவர் பக்கமே முடிவு சாய்ந்துவிடும்.

வாக்கெடுப்பு வேகமானது, நியாயமாகவும் படும். சிக்கல் மறுநாள்தான் வரும். மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தால் கைகளை எண்ணியிருப்போம், தோற்ற இருவரின் காரணத்தைக் கேட்டிருக்க மாட்டோம். சின்னச் சறுக்கல் வந்ததும் "அப்பவே சொன்னேனே" என்று பேச்சு முதலிலிருந்து தொடங்கும். ஒரே விஷயத்தை மூன்று தடவை முடிவுசெய்திருக்கிறோம். எடுத்த முடிவு நிற்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்; வேகமெல்லாம் அதற்குப் பிறகு.

ஒருவரிடம் விட்டால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்களே என்ற பயம் நியாயமானது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173 எண் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். தலைமை விமானியின் கவனம் சக்கரக் கோளாறிலேயே இருந்தது. உடனிருந்தவர்கள் எரிபொருள் குறைவதைச் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. அதன்பின் விமானத் துறை விமானி அறையில் வாக்கெடுப்பைக் கொண்டுவரவில்லை. கடைசி வார்த்தை தலைமை விமானியுடையதாகவே இருந்தது. மற்றவர்கள் தயங்காமல் எச்சரிக்க வேண்டும், அவர் காதுகொடுக்க வேண்டும் என்பதைப் பயிற்சியாக்கினார்கள். என்னை மாற்றியது இதுதான்.

நாங்கள் செய்வது இவ்வளவே. அந்த வேலையை நன்கு அறிந்தவர்தான் முடிவெடுப்பார், ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் ஆட்சேபத்தை ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். முதலில் பேசுகிறவரின் பின்னால் எல்லோரும் போவது இதனால் குறைந்தது. முடிவெடுப்பவர் கடைசியில்தான் வாய் திறப்பார். எந்த ஆட்சேபத்தை ஏன் தள்ளினார், என்ன தெரியவந்தால் மறுபடி யோசிப்போம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் காரணம் கேட்கப்பட்டது என்று தெரிந்தவர், உடன்படாவிட்டாலும் வேலையில் முழுமூச்சாக இறங்குகிறார்.

ஏழெட்டுப் பேரைத் தாண்டிய குழுவில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. முடிவெடுப்பவரே சம்பளத்தையும் தீர்மானிப்பவராக இருந்தால் அந்த ஒரு வரி ஆட்சேபம் உண்மையாக வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். எங்களுக்குள் யாரும் யாருக்கும் மேலாளர் இல்லை.