தென்னந்தோப்பு இடைவெளியா, சவுக்குத்தோப்பு இடைவெளியா: குல்மார்க், ஆலி, நிசேகோ, குடவுரி

வாடை வீசினால் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் தொடங்கினால் அப்படியே தலைகீழ். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனிச்சறுக்குக்கு ஊர் பார்க்கும்போதும் இதே கணக்குதான். மேலே மரமில்லாத வெட்டவெளி, கீழே மரக்காடு, இரண்டும் ஒரே ரோப்காரில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வானம் தெளிந்த நாளில் மேலே, பனி கொட்டும் நாளில் கீழே. ஒன்று மட்டும் உள்ள ஊருக்கு ஒரு வாரம் போனால், பல நாள் அறையில் உட்கார்ந்து டீ குடிக்க நேரிடும்.

பனி கொட்டும்போது வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். நிழல் விழாததால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. மரக்காட்டில் கறுத்த தண்டுகள் நிற்பதால் சரிவின் வாட்டம் பிடிபடும், காற்றும் குறைவு.

எல்லா மரக்காடும் சறுக்க உதவாது. உச்சிப்புளி பக்கத்துத் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் சுமார் 25 அடி இருக்கும். சவுக்குத்தோப்பில் இரண்டு எட்டு வைத்தால் அடுத்த மரம். தென்னை இடைவெளி இருந்தால் நடுத்தரப் பழக்கம் உள்ளவர் நிதானமாகத் திரும்பித் திரும்பி இறங்கலாம். சவுக்கு நெருக்கத்தில் தேர்ந்தவருக்கே திண்டாட்டம். விளம்பரப் படத்தில் மரம் தெரிகிறதா என்று பார்ப்பதை விட, மரங்களுக்கு நடுவே எவ்வளவு வெள்ளை தெரிகிறது என்று பாருங்கள்.

காஷ்மீரின் குல்மார்க் இந்தக் கணக்குக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஊர் சுமார் 2,650 மீட்டரில். கொண்டோலா எனும் ரோப்காரின் முதல் கட்டம் சுமார் 3,080 மீட்டரில் உள்ள கொங்டோரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டர் வரை போகும். கொங்டோரிக்குச் சற்று மேலேயே மரம் நின்றுவிடும், அதற்கப்பால் அகன்ற வெள்ளைக் கிண்ணம்தான். கீழே ஃபிர், பைன் காடு. பனி தாராளமாக விழுந்த நாளில் ஊரையும் தாண்டி பாபாரேஷி, தங்மார்க் வரை காட்டுக்குள்ளேயே இறங்கலாம். அங்கிருந்து திரும்ப டாக்சிதான், பேசி வைத்துக்கொண்டு இறங்குங்கள். உயரம் குறையக் குறையப் பனி ஈரமாகிக் கனக்கும். பிப்ரவரி கடைசியில் கீழ்க்காட்டை நம்ப வேண்டாம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை நல்ல காலம்.

குறை இரண்டு. பெரும் பனிக்குப் பிறகு, பனிச்சரிவு அபாயத்தைப் பாதுகாப்புக் குழு சரிபார்த்து முடிக்கும் வரை இரண்டாம் கட்டம் மூடியே கிடக்கும். இரண்டாவது, அந்தக் குழு பார்த்துக்கொள்வது கொண்டோலாவை ஒட்டிய நடுக் கிண்ணத்தை மட்டும்தான். இடமோ வலமோ விலகினால் கட்டுப்பாடற்ற மலை. 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் கிலன்மார்க் பக்கம் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். பனியும் உறுதி கிடையாது. 2024 ஜனவரியில் பெருமளவு நாள் தரை தெரிந்தபடியே கிடந்தது. 2025இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. திரும்பப் பணம் கிடைக்காத அறையைப் பல மாதம் முன்பே பிடிக்காதீர்கள்.

ஆலி வேறு ரகம். உத்தராகண்டின் ஜோஷிமட்டுக்கு மேலே, சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை, ஓக்கும் தேவதாருவும் ஓரம் நிற்க நடுவே வெட்டிய சரிவு. பழக ஏற்ற இடம். அரசுச் சுற்றுலா நிறுவனமே 7 நாள், 14 நாள் பயிற்சி நடத்துகிறது. வெட்டவெளி வேண்டுமென்றால் மேலே கோர்சன் புக்யால் புல்வெளி உண்டு, ஆனால் அங்கே ரோப்கார் கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது ஊரிலிருந்து வரும் நீண்ட ரோப்வேயும் நின்றது. சாலை வழிக்கே திட்டமிடுங்கள். முதல் வாரத்துக்கு ஆலி போதும், இரண்டாவது முறைக்குப் போதாது.

மரம்தான் முதல் ஆசை என்றால் ஜப்பானின் நிசேகோ. நம் கரைக்கு வாடைக்காலத்தில் மழை வரும் அதே வித்தைதான் அங்கேயும்: சைபீரியக் காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரம் குடித்து, ஹொக்கைடோ மலையில் முட்டிப் பனியாய்க் கொட்டுகிறது. பிர்ச் மரங்கள் இலை உதிர்ந்து தள்ளித் தள்ளி நிற்கும், சரியான தென்னந்தோப்பு. சிகரம் 1,308 மீட்டர்தான், உச்சிப்பக்கம் வெட்டவெளியும் உண்டு, அளவு குல்மார்க்குக்குச் சின்னது. எல்லைக் கயிற்றைத் தாண்டினால் லிஃப்ட் பாஸைப் பறித்துவிடுவார்கள், வெளியே போகக் குறித்த வாசல்கள் மட்டுமே. செலவு கடுமை.

ஜார்ஜியாவின் குடவுரி முழுக்க வெட்டவெளி. லிஃப்ட் சுமார் 3,270 மீட்டர் வரை. தெளிந்த நாளில் அருமை; மூடிய நாளில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

பனி விழுந்த மறுநாள் எங்கே கால் வைக்கக் கூடாது என்பதை தனுஷ்கோடி மணல்மேடே சொல்லும். காற்று ஒரு பக்கம் அரித்து, மறைவுப் பக்கம் கொண்டுபோய்க் குவிக்கும். பனியும் அப்படியே; மறைவுப் பக்கத்துக் குவியல் பலகையாக இறுகி, 30 முதல் 45 பாகைச் சரிவில் மொத்தமாகக் கழன்று ஓடும். கட்டுப்பாட்டுக்கு வெளியே போகிறவர் ஒவ்வொருவரிடமும் பனியில் புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் வேண்டும்.

காட்டுக்குள் ஆபத்து வேறு. ஃபிர் மரத்தின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றிக் குழி இருக்கும், மேலே தளர்பனி அதை மூடியிருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது அரிது. உதைக்க உதைக்க மேலிருந்து பனி சரிந்து மூடும். விழும்போதே கிளையைப் பிடித்துத் தலையை மேலே வையுங்கள். உள்ளே போய்விட்டால் ஆடாமல், முகத்தருகே மூச்சுக்கு இடம் செய்யுங்கள். ஊன்றுகோலின் வாரைக் காட்டுக்குள் நுழையும் முன்பே மணிக்கட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கை சிக்கும். இருவர் இருவராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இறங்குங்கள்.

வாடகைக்குச் சறுக்குப்பலகை எடுக்கும்போது காலடியில் 95 முதல் 105 மில்லிமீட்டர் அகலம் கேளுங்கள், காட்டுக்கும் வெளிக்கும் பொது. குறுகியது தளர்பனியில் புதையும். பூட்ஸ் போட்டு நிமிர்ந்தால் விரல் நுனி முன்பக்கம் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுவது நம் பக்கத்தார் தப்பாமல் செய்யும் பிழை. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். மெல்லியது ஒன்று போதும்.

குல்மார்க் போக, மதுரையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம், பிறகு சுமார் 50 கிலோமீட்டர் சாலை. தங்மார்க்குக்கு மேல் பனி கிடந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். அவசரமில்லாதவர்களுக்கு மதுரை வழியாகப் போகும் திருநெல்வேலி – கட்ரா ரயில் இருக்கிறது; கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. ரயிலில் போனாலும் கடல்மட்டத்து உடம்பு ஒரே நாளில் 3,950 மீட்டருக்குப் பழகாது. முதல் நாள் ஊரில் நடை, இரண்டாம் நாள் கொங்டோரி, மூன்றாம் நாள் அஃபர்வத். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அன்றைக்கு மேலே ஏறாதீர்கள், குறையாவிட்டால் தங்மார்க்குக்கு இறங்கிவிடுங்கள்.