கான்விக் குன்றின் பெயர்ச் சுவர்களும் இழப்புப் பதிவேடும்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் லிங்கன் நகரை ஒட்டி, கான்விக் குன்றின் மேல், பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டின் நினைவாக அமைந்துள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தைப் பற்றி எழுதுபவர்களில் பலர், அங்குள்ள உயரமான தூணையும் அதற்கு எதிரே தெரியும் லிங்கன் பேராலயத்தையும் படமெடுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒரு குறிப்பிட்ட ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் படையணியில், பறந்து திரும்பாமல் போனவர்களை நினைவுகூர வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவருக்கு இந்த இடம் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதே என் கேள்வி. அதற்காக லிங்கனை அடுத்த ஸ்கெல்லிங்தார்ப் தளத்திலிருந்து பறந்த 50-ஆவது ஸ்குவாட்ரனை எடுத்துக்கொண்டேன். 1916-இல் தொடங்கப்பட்ட அந்த ஸ்குவாட்ரன் 1984-இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் கூடி மாலை வைக்க இன்று பணியில் இருக்கும் படைப்பிரிவு எதுவும் அதற்கு இல்லாததால், அதன் நினைவு இத்தகைய மையங்களின் பொறுப்பிலேயே இருக்கிறது.

முதலில் தூண். அதன் உயரம் 31.09 மீட்டர், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் ஒரு சிறகு முனையிலிருந்து மறு முனை வரையிலான நீளமும் அதுவே. இந்த அளவை முன்பே படித்திருந்தும், அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அவ்வளவு பெரிய இயந்திரத்தை இருபது, இருபத்தொரு வயது இளைஞர்கள் இருட்டில் ஓட்டிச் சென்றார்கள் என்பது மனத்தில் உறைத்தது. தூணைச் சுற்றி நிற்கும் சுவர்கள், மேற்பரப்பில் துரு படிந்து அதுவே காப்பாக மாறும் எஃகினால் ஆனவை. பெயர்கள் அந்த எஃகின் மேல் பொறிக்கப்படவில்லை. தகட்டின் மறுபக்கம் வரை ஊடுருவும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. கிட்டே போனால் ஒவ்வோர் எழுத்தின் வழியாகவும் பின்னாலிருக்கும் வெளிச்சம் தெரிகிறது. சில எழுத்துகளின் இடுக்கில் யாரோ உறவினர் செருகிவிட்டுப் போன சிவப்புப் பாப்பி மலர்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 58,000 பெயர்கள் இங்கே உள்ளன. பறந்தவர்களில் இறந்தோர் என நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு 55,573. போரில் பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர் என்பதோடு அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேர் இறந்திருக்கிறார்கள்.

சுவர்களின் அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுக்குமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் உள்ளன. தன் தாத்தாவின் பெயரைத் தேடி வரும் பேத்திக்கு இதைவிட வசதியான முறை இருக்க முடியாது. ஆனால் குண்டுவீச்சு விமானத்தில் எவரும் தனியாகச் சாகவில்லை. விமானி, பொறியாளர், வழிகாட்டி, வானொலிக் கருவி இயக்குபவர், குண்டு குறிபார்ப்பவர், மேல் கூண்டிலும் வால் கூண்டிலும் அமர்ந்த இரு துப்பாக்கி வீரர்கள் என எழுவர் ஒன்றாகவே உண்டு, ஒன்றாகவே பறந்து, பெரும்பாலும் ஒன்றாகவே மடிந்தார்கள். அந்த எழுவரின் பெயர்கள் இங்கே வெவ்வேறு சுவர்களுக்குச் சிதறிப் போகின்றன. ஸ்குவாட்ரன் என்ற அமைப்பே சுவரில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு குறிப்பும் இல்லாமல் வருபவர், பெயர்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைத்துவிட்டு, ஒருவரைக்கூட அறியாமல் திரும்பிவிடக்கூடும்.

இந்தக் குறையை மையத்தின் இன்னொரு சேவையே நீக்குகிறது என்பதுதான் நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கும் இழப்புப் பதிவேட்டில் ஒருவரின் பெயரைத் தேடினால், அவருடைய ஸ்குவாட்ரன், விமானத்தின் எண், புறப்பட்ட தளம், அன்றைய இலக்கு, விமானம் வீழ்ந்த விதம், அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டம், மையத்தின் சுவரில் அவர் பெயர் இருக்கும் தகட்டின் எண் ஆகியவை ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. அவரோடு அதே விமானத்தில் இருந்தவர்களின் பதிவுகளுக்கும் அங்கிருந்தே போகலாம். சுவர் பிரித்து வைத்தவர்களைப் பதிவேடு மீண்டும் ஒரே விமானத்தில் உட்கார்த்தி வைக்கிறது.

50-ஆவது ஸ்குவாட்ரனின் லெஸ்லி மான்சரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அவர் 1922 மே மாதம் டெல்லியில் பிறந்தவர் என்பதால் நம் வாசகர்களுக்கு அவரிடம் கூடுதல் ஈடுபாடு ஏற்படலாம். 1942 மே 30 இரவு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ஜெர்மனியின் கொலோன் நகரைத் தாக்கப் புறப்பட்டபோது, அவர் மான்செஸ்டர் வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை ஓட்டினார். இலக்கின் மேல் விமான எதிர்ப்புக் குண்டுகள் தாக்கின. இடது இயந்திரம் தீப்பற்றியது. தீ அடங்கிய பிறகும் விமானம் உயரம் இழந்துகொண்டே வந்தது. பெல்ஜியத்தின் மேல் வந்தபோது அனைவரையும் குதிக்கச் சொன்னார். துணை விமானி லெஸ்லி பேவிஸ்டாக் பாராசூட்டை அவரிடம் நீட்டியபோது அதை மறுத்து, சீக்கிரம் குதிக்கும்படி கையசைத்தார். கட்டுப்பாட்டை ஒரு கணம் விட்டிருந்தாலும் மற்றவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். மான்சர் விமானத்தோடு விழுந்து இறந்தபோது அவருக்கு வயது இருபது. மற்ற அறுவரும் உயிர் பிழைத்தனர். ஒருவர் சிறைப்பட, ஐவர் ஐரோப்பிய மக்களின் இரகசிய உதவியால் தப்பி இங்கிலாந்து சேர்ந்து, நடந்ததைச் சொன்னார்கள். அவர்களுடைய வாக்குமூலமே மான்சருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைப் பெற்றுத் தந்தது. சுவரில் அவர் பெயர் ஒரு வரி மட்டுமே. அந்த வரியின் முன் நிற்கும்போது அந்த அறுவரும் நினைவுக்கு வர வேண்டுமானால், பதிவேட்டைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

லங்காஸ்டரை வடிவமைத்த ராய் சாட்விக்கின் பெயர் சூட்டப்பட்ட கட்டடத்தில் உள்ள கண்காட்சி நேர்மையானது. பறந்தவர்களோடு தரைப் பணியாளர்களும் பெண் பணியாளர்களும் அங்கே பேசுகிறார்கள். குண்டுகளுக்குக் கீழே இருந்த ஜெர்மானியர்களின் குரலும் ஒதுக்கப்படவில்லை. கொலோனில் அன்றிரவு எரிந்த தெருக்களை மறைத்துவிட்டு மான்சரின் தியாகத்தை மட்டும் சொல்வது அவருக்கும் பெருமை சேர்க்காது என்று நான் நம்புகிறேன். மையமும் அந்த நிலைப்பாட்டிலேயே நிற்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தந்தது. லிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய மின்னணு ஆவணக் காப்பகத்தில் இத்தகைய நேர்காணல்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். தோட்டத்தில், லிங்கன்ஷயரின் குண்டுவீச்சுத் தளங்களைக் குறிக்க 27 லைம் (லிண்டன்) மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. சிற்றுண்டிச் சாலையும் கடையும் தேவைக்குப் போதுமானவை.

ஸ்குவாட்ரனை மனத்தில் வைத்து வருபவர்கள் மையத்தோடு நின்றுவிடாமல் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பேராலயத்துக்குள் இருக்கும் விமானப் படையினருக்கான சிற்றாலயத்தில், லிங்கன்ஷயரிலிருந்து பறந்த 1, 5 ஆகிய இரு குரூப்களின் (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த பிரிவுகளின்) நினைவு ஏடுகள் உள்ளன. 50-ஆவது ஸ்குவாட்ரன் 5-ஆவது குரூப்பைச் சேர்ந்தது. ஸ்கெல்லிங்தார்ப் விமானத் தளம் இருந்த இடம் இன்று பர்ச்வுட் என்ற குடியிருப்புப் பகுதி. 50, 61 ஆகிய இரு ஸ்குவாட்ரன்களுக்கான நினைவுச் சின்னமும், மான்சரின் பெயர் தாங்கிய தொடக்கப் பள்ளியும் அங்கே இருக்கின்றன.

போகும் முன் செய்ய வேண்டியது ஒன்றே: ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து, பதிவேட்டிலிருந்து அதில் இருந்தவர்களின் பெயர்களையும் தகட்டு எண்களையும் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். குன்றின் மேல் காற்று பலமாக வீசும் என்பதால் கைப்பேசியை மட்டும் நம்பாமல் தாளை ஓர் அட்டையில் பொருத்திக்கொள்வது உதவும். நகர மையத்திலிருந்து நடந்து வருவது செங்குத்தான ஏற்றம். முதியவர்கள் வாகனத்தில் வருவதே சரி. கண்காட்சிக்கு நுழைவுச் சீட்டு தேவை. திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். சுவர்களுக்கு அரை நாளாவது ஒதுக்கிவிட்டு, கண்காட்சியை அதற்குப் பிறகு பாருங்கள்.