நெஞ்சு நோவுக்கு 1990 சுவசெரிய: ஓட்டோவை விட மேல், ஆனால்…

இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருவது சுவசெரிய. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவை 2019இல் கிழக்கு மாகாணத்துக்கும் வந்தது. காசு கட்டத் தேவையில்லை. மாரடைப்பென்று சந்தேகம் வந்தால் ஓட்டோவைப் பிடிப்பதை விட 1990ஐ அழைப்பதே சரி. வேகம் அதற்குக் காரணமில்லை. வாசலில் நிற்கிற ஓட்டோ சில நேரம் முந்தியும் விடும். மாரடைப்பின் முதல் மணித்தியாலத்தில் உயிரெடுப்பது பெரும்பாலும் தாறுமாறான இதயத்துடிப்பு. அதை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் இந்த வண்டியில்தான் உண்டு.

சறுக்குவது முகவரியில். அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கத்தில் இருக்கிறார். "கோயிலடிக்கு வாங்க" என்றால் அவருக்கு எந்தக் கோயில்? மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, ஊர், பிறகு பள்ளிக்கூடமோ சந்தியோ என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். நோயாளியின் பக்கத்தில் நிற்பவரே பேச வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் மகன் அல்ல. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை உள்வீதிகளென்றால் பிரதான வீதியில் ஒருவரை டோர்ச்சுடன் நிறுத்துங்கள்.

வண்டி வரும்வரை நோயாளி சாய்ந்து இருக்கட்டும், நடக்க வேண்டாம். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாவிட்டால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பக் கொடுக்கலாம். கிளினிக்கில் தரும் 75 மில்லிகிராம் குளிசையென்றால் நான்கு. கிளினிக் கொப்பியும் பழைய ஈசிஜியும் கையில் இருக்கட்டும். முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற, இரத்த உறைவைக் கரைக்கும் மருந்து ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்: உடம்பில் எதிர்ப்பு உண்டாகியிருக்கும், அதே மருந்து திரும்பச் சரிவராது.

"பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போங்க" என்று அடம்பிடிப்பதும் நேரத்தைத் தின்னும். வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை ஆதார வைத்தியசாலைகள் கிட்டவென்றால் அங்கேயே உறைவைக் கரைக்கும் மருந்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றலாம். உள்ளே போய் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி, மாரடைப்பு உறுதியானால் 30 நிமிடத்துக்குள் மருந்து, அதுதான் கணக்கு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 இலட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஏறும். இரத்த அழுத்தம் விழுந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், பயப்பட வேண்டாம். முதல் ஈசிஜி சுத்தமாக இருந்தும் நோ நிற்காவிட்டால் 15 முதல் 30 நிமிடத்தில் இன்னொன்று எடுக்கக் கேளுங்கள்.

இதெல்லாம் அழைத்த பிறகு. அழைக்கும் முன் ஓமத்தண்ணியும் கஸ்ரிக் மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மணித்தியாலங்களை எந்த அம்புலன்சாலும் திருப்பித் தர முடியாது. நீரிழிவுக்காரருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் வியர்வையும் மூச்சு வாங்கலும் மட்டும் வரலாம், அப்போதும் 1990தான்.