பிள்ளைகளோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம்: பேர்ண் பல்சமய இல்லம்

சுவிஸில் இருக்கும் எங்கள் சனத்துக்கு பேர்ண் நகரத்து ஐரோப்பாத்திடல் (Europaplatz) என்றால் ஞானலிங்கேச்சுரர் கோயில்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவோம், பூசை பார்ப்போம், திருநீறு வாங்குவோம், ட்ராமைப் பிடித்து வீட்டுக்குப் போவோம். கோயிலுக்குப் பக்கத்துக் கதவுகளைத் திறந்து பார்த்தவர்கள் எங்களில் குறைவு. மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளுடைய வகுப்போடு துணைக்குப் போன பெற்றோரில் ஒருத்தியாக, கோயிலும் அந்தக் கதவுகளும் சேர்ந்த பல்சமய இல்லம் முழுவதையும் சுற்றிப் பார்த்தேன். அதன் பிறகு குடும்பமாகவும் போய் வருகிறோம். பிள்ளைகள் படிக்கும் இடமாக அது எப்படி இருக்கிறது என்று மற்றப் பெற்றோருக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. தலைக்கு மேலே நெடுஞ்சாலைப் பாலம், பக்கத்தில் ரயில் நிலையம், எதிரே ட்ராம் தரிப்பிடம். அதற்கு நடுவில் ஒரே கூரையின் கீழ் சைவக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த விகாரை, துருக்கியிலிருந்து வந்த அலெவி என்ற சமயத்தவரின் வழிபாட்டுக் கூடம் என்று ஐந்தும் இருக்கின்றன. யூதர்கள், பஹாய்கள், சீக்கியர்கள் ஆகிய மூன்று சமூகங்களுக்கும் அங்கே தனி வழிபாட்டு இடம் இல்லை, ஆனால் இல்லத்தின் வேலைகளில் பங்கெடுக்கிறார்கள். இதற்கான சங்கம் 2002 இல் தொடங்கியது. கட்டடம் திறந்தது 2014 டிசம்பர் 14 அன்று. இடையில் 2009 நவம்பரில் இந்த நாடு புதிதாக மினாரட் (பள்ளிவாசல் கோபுரம்) கட்டக்கூடாது என்று 57.5 வீத வாக்குகளால் முடிவெடுத்தது. அந்த வாக்கெடுப்புக்குப் பிறகும் பின்வாங்காமல் இதைக் கட்டி முடித்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சரி, பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். பேர்ண் மாநிலத்துப் பள்ளிகளில் சமயம் தனிப் பாடம் இல்லை. ‘இயற்கை, மனிதர், சமூகம்’ என்ற பாடத்துக்குள் சமயங்களும் வருகின்றன. யாரையும் எந்த மதத்துக்கும் இழுக்காமல் எல்லாவற்றையும் அறிமுகம் செய்வதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் வகுப்பறைக்குள் அது எப்படி நடக்கிறது என்பது ஆசிரியரைப் பொறுத்தது. மகள் முன்பு படித்த ஒரு பள்ளியில் இந்து சமயப் பாடம் வந்தபோது, அவளை எழுப்பி முன்னால் நிறுத்தி, “உங்கள் இந்தியாவில் மாட்டைக் கும்பிடுவதைப் பற்றிச் சொல்” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பேர்ணில் பிறந்தவள், நாங்கள் யாழ்ப்பாணம். எட்டு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? வீட்டுக்கு வந்து இனிமேல் திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பல நாட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையை அவளுடைய முழுச் சமயத்துக்கும் பதில் சொல்ல வைப்பது பெரிய பாரம். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

பல்சமய இல்லத்தில் அந்தப் பாரத்தைப் பெரியவர்கள் சுமக்கிறார்கள். அதற்காகவே இந்த இடத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இல்லத்தைச் சேர்ந்த ஒருவர் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு இடத்திலும் அங்கே கும்பிடுகிற ஒருவரே வந்து கதைத்தார். படம் காட்டி விளக்கவில்லை. தான் காலையில் எழும்பி என்ன செய்வார், எந்த நாளில் விரதம், எதற்காக அழுவார், எதற்காகச் சமைப்பார் என்று தன் கதையைச் சொன்னார். பிள்ளைகள் பயப்படாமல் கேட்டார்கள்.

கோயிலுக்குள் நடந்தது இது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இருபது பிள்ளைகளும் நிலத்தில் இருந்தார்கள். ஒரு சுவிஸ் பையன் கை உயர்த்தி, “இங்கே பெண்களும் பூசை செய்யலாமா?” என்று கேட்டான். எங்களோடு கதைத்த அம்மா, “ஓம், செய்யலாம், எங்கட கோயிலில பெண்களும் பூசை செய்யினம்” என்று முதலில் தமிழிலும் பிறகு பேர்ண் ஜெர்மனிலும் சொன்னார். இந்தக் கோயிலில் பூசை தமிழில்தான் நடக்கிறது, பெண்களும் அர்ச்சகர்களாக இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கே அது புதிது. பையன் தன் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளையிடம், தங்கள் பாட்டியின் தேவாலயத்தில் அது முடியாது என்றான். அதற்குப் பிறகு பத்து நிமிடம் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி குறுக்கிடவே இல்லை. கடைசியில் அந்த அம்மா திருநீற்றுத் தட்டை மகளிடம் கொடுத்தார். விரும்பியவர்களுக்கு மட்டும், கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும் என்றும் சொன்னார். மகள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். சிலர் வேண்டாம் என்றார்கள், அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். பள்ளிவாசலில் கொசோவோக் குடும்பத்துப் பையன் ஒருவன், எந்தப் பக்கம் பார்த்துத் தொழ வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டினான். வகுப்பில் அவனுடைய பெயர்கூட சரியாக வாசிக்கப்படாது. அங்கே அவன் வீட்டுக்காரன் மாதிரி நின்றான்.

அலெவிகளைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. துருக்கியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். அலெவிகள் ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்து, சாஸ் என்ற நரம்பு வாத்திய இசையோடு வழிபடுகிறார்கள். சொந்த நாட்டில் ஒடுக்கப்பட்டு வந்தவர்கள் என்றபோது அந்தக் கதை எங்களுக்கு எவ்வளவு பழக்கமானது!

மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேயே ‘வணக்கம்’ உணவகம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் சமைக்கும் ஆயுர்வேத மரக்கறிச் சாப்பாடு, யூத உணவு விதிகளையும் கவனித்துச் செய்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரே மேசையில் முஸ்லிம் பிள்ளை, யூதப் பிள்ளை, சைவப் பிள்ளை மூவரும் எதையும் ஒதுக்காமல் சாப்பிடலாம். பள்ளிச் சுற்றுலாக்களில் மகள் வெறும் பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டு வந்த நாட்கள் உண்டு. பருப்பும் கத்தரிக்காயும் நன்றாக இருந்தன, காரம் பிள்ளைகளுக்கு ஏற்ற அளவு.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஐந்து இடங்களையும் ஒரே வருகையில் பார்க்க ஆசைப்படாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது கதவிலேயே களைப்பு வந்துவிடும், பிறகு எல்லாம் கலந்து போகும். இரண்டைத் தெரிந்தெடுத்து நன்றாக இருந்து கதைத்தால் போதும், மிச்சத்தை அடுத்த வருடம் பார்க்கலாம். பெற்றோருக்கு: ஒரு வருகையால் வகுப்பில் பரிகாசம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது பள்ளியும் வீடும் நாளாந்தம் செய்ய வேண்டிய வேலை. இங்கே நடப்பது அதற்கு ஒரு நல்ல தொடக்கம்.

அப்புறம் எங்கள் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தேவாரமும் திருக்குறளும் சொல்லிக் கொடுக்கிறோம், மிக நல்லது. அந்தப் பிள்ளைகளையும் இங்கே கூட்டி வாருங்கள், கோயிலோடு நிறுத்திவிடாமல் பக்கத்துக் கதவுகளுக்குள்ளும் கொண்டுபோங்கள். விகாரைக்குள் போக எங்கள் பெற்றோரில் சிலருக்கு மனம் வராது என்பது தெரியும். ஏன் என்பதும் தெரியும். நானும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். மகளுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவளுக்கு அது இருக்கவும் தேவையில்லை.

பேர்ண் பெரிய ரயில் நிலையத்திலிருந்து 7 அல்லது 8 ஆம் இலக்க ட்ராம் எடுத்தால் வாசலிலேயே இறங்கலாம், எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலும் நிற்கும். குளிர்காலத்தில் தடித்த காலுறை போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளி மதியம் பள்ளிவாசலில் தொழுகை நேரம், மாலையில் கோயிலில் பூசை. ஆறுதலாகக் கதைக்க வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள். மே, யூன் மாதங்களில் பள்ளிச் சுற்றுலாக்கள் அதிகம், வகுப்பாக வருவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.